கிழிந்த பக்கத்துக்குப் பயப்படும் வீடுகள்

"எவ்வளவு நிகழ்ச்சி நடத்தினாலும் வர்றவங்கதான் திரும்பத் திரும்ப வர்றாங்க." நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஒருவர் அலுத்துக்கொண்டு சொன்னது இது. அவர் சொன்னதில் பொய் இல்லை. கதை நேரம், கோடைக்காலப் பயிற்சி, ஓவியப் போட்டி, பெற்றோர் சந்திப்பு என்று எதை வைத்தாலும் பெரும்பாலும் அதே முகங்கள்தான். ஆனால் அதற்கு அவர் கூடவே ஒரு காரணமும் சொன்னார். "இப்போ யாருக்குப் புத்தகத்துல அக்கறை இருக்கு? பிள்ளைங்க கையில போனைக் கொடுத்தா பெத்தவங்க வேலை முடிஞ்சுது." அறையில் இருந்த பலரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்தக் காரணம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. வராதவர்களைப் பற்றி, அவர்களில் ஒருவர்கூட இல்லாத அறையில் உட்கார்ந்து, எப்படி இவ்வளவு எளிதாகத் தீர்ப்பு எழுதிவிட முடிகிறது?

வார இறுதிகளில் அந்த நூலகத்தின் சிறுவர் பகுதியில் கதை சொல்லப் போகிறவள் நான். வருகிற பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். புத்தகத்தை எப்படிப் பிடிப்பது, பக்கத்தை எந்த ஓரத்தில் புரட்டுவது, பிடித்த புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நான் கதையை ஆரம்பிக்கும் முன்பே அடுத்த பக்கத்தில் என்ன என்று கத்துவார்கள். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே புத்தகங்கள் இருக்கின்றன, படித்துக் காட்ட ஆளும் இருக்கிறது. அவர்கள் வரக்கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை, தாராளமாக வரட்டும். ஆனால் நூலகத்தைத் தவிர வேறு புத்தக வாசலே இல்லாத பிள்ளைக்குத்தான் இந்தக் கதை நேரம் இன்னும் அதிகமாகத் தேவை.

கதை நேரம் என்றால் பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்காரவைத்து மகிழ்விப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிறுவர் நூலகப் பணியில் இருப்பவர்கள் அதை வேறு மாதிரி பார்க்கிறார்கள். அமெரிக்காவின் பொது நூலகச் சங்கமும் சிறுவர் நூலகச் சேவைச் சங்கமும் சேர்ந்து 2004-இல் தொடங்கிய, குழந்தைகளை வாசிப்புக்குத் தயார்செய்யும் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் அதைத் திருத்தியபோது ஐந்து பழக்கங்களை மையமாக வைத்தார்கள்: பேசுவது, பாடுவது, படிப்பது, எழுதுவது, விளையாடுவது. இதைக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் பெற்றோர்கள். காரணம் எளிமையானது. குழந்தை நூலகத்தில் இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் வீட்டில். கதை சொல்பவர் ஒரு படத்தில் நின்று, "இவன் ஏன் அழறான்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்கும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா அந்தக் காத்திருப்பைப் பார்க்கிறார். எழுத்துக் கூட்டி வாசிக்கவே தடுமாறுகிற பாட்டிக்கும் படத்தைக் காட்டிக் கதை பேச முடியும் என்பது அந்த அறையில் புரிகிறது. அதனால் ஒரு குடும்பம் வராமல் போனால் பிள்ளைக்கு ஒரு மணி நேரத்தோடு நஷ்டம் முடிவதில்லை, வீட்டில் நடந்திருக்கக்கூடிய பேச்சும் சேர்ந்தே போகிறது.

வாசற்படியில் நின்றவர்

ஒரு பெண் தன் மகளைக் கதை நேரத்துக்கு ஒழுங்காக அழைத்து வருவார். மகளுக்கு எட்டு வயது இருக்கும். அவள் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். அம்மா மட்டும் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டாத மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வாசற்படியிலேயே நிற்பார். வெயிலானாலும் அங்கேதான். ஒரு நாள் கதை தொடங்குவதற்கு முன் போய், "உள்ளே வந்து உட்காருங்களேன்" என்றேன்.

"இல்லக்கா. இவன் சும்மா இருக்க மாட்டான், சத்தம் போடுவான். அந்தப் பக்கம் படிக்கிறவங்க ஏதாவது சொல்லிடுவாங்க."

"சரி, பாப்பாவுக்காவது ரெண்டு புத்தகம் எடுத்துட்டுப் போங்க. அட்டை இருக்கா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பையனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். முன்பு வேறொரு பகுதியில் குடியிருந்தபோது அங்கிருந்த நூலகத்தில் மகளுக்கு அட்டை எடுத்திருக்கிறார்கள். மகள் கொண்டுவந்த படப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பையன் கிழித்துவிட்டான். கிழிந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன சொல்வார்களோ, முழு விலையையும் கட்டச் சொல்வார்களோ என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டார். இரண்டு நாள் இரண்டு வாரமானது. கிழிந்ததோடு தாமதக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. நாளாக ஆக, போய் நிற்பதற்கான தைரியம் குறைந்துகொண்டே போனது. கடைசியில் வீடும் மாறிவிட்டார்கள்.

"அந்தப் புத்தகம் இன்னும் வீட்டுலதான் இருக்குக்கா. பீரோ மேல வெச்சிருக்கேன். பார்க்கும்போதெல்லாம் திருடிட்டு வந்த மாதிரி இருக்கும். அதான் மறுபடியும் அட்டை எடுக்கலை. இங்க கேட்டா அங்க எடுத்தது தெரிஞ்சிடுமோன்னு."

உள்ளே போய்க் கதையை ஆரம்பித்தேன். ஆனால் மனம் அந்தப் பீரோவின் மேலேயே இருந்தது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி, கதை கேட்பதற்காக ஓடிவந்து முன்வரிசையில் உட்காருகிறவள், வீட்டுக்கு ஒரு புத்தகம்கூட எடுத்துப் போக முடியாமல் இருந்திருக்கிறாள். அந்தப் பழைய நூலகத்தின் பதிவேட்டில் இது 'திரும்பி வராத நூல்' என்று ஒரு வரியாக இருக்கும். அந்தப் புத்தகத்தோடு ஒரு குடும்பமும் திரும்பி வரவில்லை என்பதை எழுத அந்தப் பதிவேட்டில் இடம் கிடையாது. அக்கறை இல்லை என்று கூட்டத்தில் சொன்னார்களே, இந்தப் பெண் வெயிலில் நிற்பதற்கு வேறு என்ன பெயர்? அவரைத் தடுத்தது பயம். சத்தத்துக்குப் பயம், கிழிசலுக்குப் பயம், கட்ட வேண்டிய தொகைக்குப் பயம், எல்லாவற்றுக்கும் மேலாக நாலு பேர் முன்னால் கேள்வி கேட்கப்படுவதற்கான பயம்.

அதற்குப் பிறகு நான் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். இந்தப் பயம் அவர் ஒருவருக்கு மட்டும் இருப்பதில்லை. பிள்ளை கையிலிருந்து புத்தகத்தை வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, "இங்கேயே பார்த்துக்கோ, வீட்டுக்கு வேண்டாம்" என்று சொல்கிற பெற்றோர்கள் நிறையப் பேர். படிவத்தைப் பார்த்துவிட்டு, "முகவரிச் சான்று எங்க பேர்ல இல்லையே" என்று நழுவுகிறவர்கள் இன்னும் சிலர். இவர்களில் யாரும் வந்து புகார் சொல்வதில்லை. கருத்துப் பெட்டியில் சீட்டு எழுதிப் போடுவதுமில்லை. சத்தமில்லாமல் வராமல் இருந்துவிடுகிறார்கள். நாமும் அதை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொள்கிறோம்.

சங்கிலி போனது

ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். புத்தகத்தைக் காப்பாற்றுவதுதான் நூலகத்தின் முதல் வேலை என்று நம்பிய காலம் அது. 1931-இல் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வகுத்தபோது, முதல் விதியாக 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்று வைத்தார். அதை விளக்கும்போது அந்தச் சங்கிலிக் காலத்தையும் எடுத்துப் பேசுகிறார். கணிதப் பேராசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்புக்கு வந்தவர் அவர். இவ்வளவு சாதாரணமாகத் தெரிகிற ஒரு வரியை முதல் விதியாக ஏன் வைத்தார் என்று எனக்கு முன்பு தோன்றியதுண்டு. வாசற்படியில் நின்ற அந்தப் பெண்ணோடு பேசிய பிறகு அப்படித் தோன்றவில்லை. இரும்புச் சங்கிலியை எடுத்துவிட்டோம் என்றாலும், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்குப் புத்தகம் போகாமல் இருப்பதற்கான ஏற்பாடுகள் விதிமுறைப் பலகையில் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன.

பிள்ளைகளுக்கு நூலகத்தில் இடம் கிடைத்ததே தாமதமாகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பொது நூலகங்கள் பலவற்றில் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே இருந்தவர்களைச் சேர்ப்பதே இல்லை. சத்தம் போடுவார்கள், அழுக்காக்குவார்கள், கிழிப்பார்கள் என்பதுதான் அன்றும் சொன்ன காரணம். 1896-இல் புரூக்ளினில் பிராட் கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே ஓர் அறையைத் திறந்தபோது, அதன் பொறுப்பை ஏற்றவர் ஆன் கரோல் மூர். 1906-இல் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். 'அமைதி' என்று எழுதிய பலகைகளைக் கழற்றச் சொன்னவர் இவர். புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போகவும் பிள்ளைகளை அனுமதித்தார். அதற்கு அவர் செய்த ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெரிய ஏட்டில், நூலகத்திலும் வீட்டிலும் புத்தகங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வேன், விதிகளை மதிப்பேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே பிள்ளை தன் பெயரைத் தானே எழுத வேண்டும். முதன்முறையாக ஒரு பெரியவர் தன் வாக்கை நம்புகிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது. பொறுப்புணர்வு வளர வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய வழி எனக்குத் தெரியவில்லை.

தாமதக் கட்டணம் யாரைத் தண்டித்தது

"கட்டணம் இல்லைன்னா ஒருத்தரும் திருப்பிக் கொடுக்க மாட்டாங்க." இதுவும் அடிக்கடி கேட்கிற வாதம்தான். இதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. ஒரு புத்தகத்துக்காகக் காத்திருக்கிற இன்னொரு வாசகர் இருக்கிறார், அவருடைய உரிமையும் உரிமைதான். ஆனால் இதைச் செய்து பார்த்த ஊர்கள் இருப்பதால், ஊகத்தை வைத்துக்கொண்டு வாதாட வேண்டிய தேவை இல்லை. அயர்லாந்து 2019 ஜனவரியில் நாடு முழுவதும் பொது நூலகங்களில் தாமதக் கட்டணத்தை நீக்கியது. அதே மாதம் அமெரிக்க நூலகச் சங்கம், இப்படிப்பட்ட கட்டணங்கள் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று தீர்மானம் போட்டது. அந்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோவும் சிகாகோவும் நீக்கின. 2021 அக்டோபரில் நியூயார்க்கும் நீக்கியது.

சிகாகோவின் கணக்குகளை முதலில் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏழைகள் அதிகம் வாழும் தெற்குப் பகுதியில் மூன்றில் ஒரு வாசகர் கட்டணப் பாக்கியால் புத்தகம் எடுக்க முடியாத நிலையில் இருந்தார். வசதியான வடக்குப் பகுதியில் அது ஆறில் ஒருவர். நகரம் முழுவதும் முடக்கப்பட்ட அட்டைகளில் ஐந்தில் ஒன்று பதினான்கு வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளுடையது. நியூயார்க்கில் சுமார் 4 லட்சம் பேரின் அட்டைகள் முடங்கிக் கிடந்தன, அவர்களில் பாதிக்கு மேல் வசதி குறைந்த பகுதிகளைச் சேர்ந்தவர்கள். வசதியுள்ள வீட்டுக்குத் தாமதக் கட்டணம் ஒரு சின்னத் தொகை, கட்டிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுப்பார்கள். இல்லாத வீட்டுக்கு அதே தொகை வாசலை அடைத்துவிடுகிறது. அதிலும் ஒரு குழந்தை தானாக நூலகத்துக்குப் போவதில்லை. யாராவது கூட்டிப் போனால்தான் திருப்பிக் கொடுக்க முடியும். பெரியவர்களின் வேலை நேரத்துக்கும் உடல்நலத்துக்கும் சேர்த்து அந்தக் குழந்தையின் அட்டைதான் முடங்குகிறது.

சிகாகோவில் கட்டணத்தை நீக்கியதும் நீண்ட நாளாகத் திரும்பாமல் இருந்த புத்தகங்கள் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தன. வீட்டு அலமாரிகளில் பயத்தோடு ஒளிந்திருந்தவை அவை. எல்லாவற்றையும் இலவசமாக விட்டுவிட்டார்கள் என்றும் இல்லை. ஒரு புத்தகம் திரும்பவே வராவிட்டால் அதற்கான விலையைக் கேட்கிறார்கள், கொண்டுவந்து கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். பழையதைத் தராமல் புதியது எடுக்க முடியாது என்ற ஒரு விதி போதும், காத்திருக்கிற வாசகருக்கும் அதில் நியாயம் இருக்கிறது. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1949-இல் முதலில் வந்தது, கடைசியாக 2022-இல் சர்வதேச நூலகச் சங்கக் கூட்டமைப்போடு சேர்ந்து புதுப்பிக்கப்பட்டது. பொது நூலகம் அடிப்படையில் கட்டணமற்றதாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வழக்கமான சேவைகளைப் பயன்படுத்த இயலாதவர்களுக்குத் தனிச் சேவைகள் வேண்டும் என்றும் சொல்கிறது. இடுப்பில் குழந்தையோடு வெளியே நிற்கிற அம்மாவை நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

'கிழிந்ததா? இங்கே போடுங்கள்'

அந்தப் பெண் சொன்னதை நான் எங்கள் நூலகரிடம் சொன்னேன், யார் என்று சொல்லாமல். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கட்டணத்தை எடுக்கிறது என் கையில இல்லம்மா, மேல எழுதிக் கேட்கணும். கிழியற விஷயத்துல ஏதாவது செய்யலாம்" என்றார். அடுத்த முறை போனபோது சிறுவர் பகுதியின் நுழைவிலேயே ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. 'கிழிந்ததா? இங்கே போடுங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டோம்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு தாழ்வான மேசை. கதை முடிந்ததும் விருப்பமுள்ள பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து அவரோடு சேர்ந்து புத்தகம் சரிசெய்யலாம்.

அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காகிதம் கிழியும்போது ஓரம் நேராகக் கிழியாது. சரிவாகப் பிரிந்து, ஒரு பக்கம் நாரோடு வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் எந்த ஓரம் மேலே வரவேண்டும் என்று பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு தெரியும், சரியாக வைத்தால் கிழிசல் இருந்த இடமே மறைந்துவிடும். பிறகு மெல்லிய தூரிகையால் அந்த ஓரத்தில் மட்டும் துளி வெள்ளைப் பசை. மேலேயும் கீழேயும் மெழுகுத் தாள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தை மூடி, அதன் மேல் தடித்த அகராதிகளை அடுக்கி மறுநாள் வரை விட்டுவிடுவார். செல்லோடேப்பை அவர் தொடவே விடுவதில்லை. சில வருடங்களில் அது மஞ்சளாகி, பசை கசிந்து, காகிதத்தையே கெடுத்துவிடும். ஒரு பழைய புத்தகத்தைத் திறந்து அந்த மஞ்சள் பட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். அதற்குப் பிறகு வீட்டில் டேப் ஒட்டிக்கொண்டு வருவது குறைந்திருக்கிறது.

நூலகம் நடத்திய நிகழ்ச்சிகளிலேயே இதற்குத்தான் புது முகங்கள் அதிகம் வந்தன. அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தாலும் அதைப் பார்த்து வந்தவர்கள் குறைவு. பெட்டியைப் பற்றிப் பிள்ளைகள் பேசியதைக் கேட்டு வந்தவர்களே அதிகம். தன் தம்பி கிழித்ததைத் தானே ஒட்டும்போது எட்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் வருகிற கவனம் எந்த அபராதத்தாலும் வராது. வாசற்படியில் நின்ற பெண்ணும் ஒரு நாள் உள்ளே வந்தார். பையில் அந்தப் படப் புத்தகம். வேறு நூலகத்தின் முத்திரை குத்தியிருந்தது. நூலகர் அதைப் புரட்டிப் பார்த்து, "ஒட்டிக் கொடுத்துடறேன், நானே அங்க அனுப்பிடறேன்" என்றார். மகளிடம் தூரிகையைக் கொடுத்தார். அந்த வாரமே மகளின் பெயரில் அட்டை போட்டாயிற்று.

வெளியே போகவேண்டிய தூரம்

அவர் நூலகம்வரை வந்ததால் இது நடந்தது. வாசற்படிவரைகூட வராதவர்கள் விஷயத்தில் நூலகம்தான் நடக்க வேண்டும். 1992-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் 300 குழந்தைகளோடு ஒரு முயற்சி தொடங்கினார்கள். பிறந்து சில மாதங்களான குழந்தையைச் சுகாதாரப் பணியாளர் பரிசோதிக்கும்போதே, ஒரு புத்தகமும் நூலகத்தில் சேருவதற்கான அழைப்பும் அடங்கிய பையைப் பெற்றோர் கையில் கொடுப்பார்கள். புக்ஸ்டார்ட் என்ற பெயரில் அது பின்னர் நாடு முழுவதும் பரவியது. குழந்தை அந்தப் புத்தகத்தைக் கடிக்கும், சப்பும், தூக்கி எறியும். அது தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். அந்த வயதில் புத்தகத்தை அறிந்துகொள்ள வேறு வழி கிடையாது. இதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. எல்லாக் குடும்பங்களும் எப்படியும் போகிற ஓரிடத்தில் நூலகமும் போய் நின்றது. ரங்கநாதன் தன் விதிகளை வெளியிட்ட அதே 1931-இல், அக்டோபர் மாதம், மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டுவண்டியில் ஒரு நடமாடும் நூலகம் கிராமங்களுக்குக் கிளம்பியது. வழி நமக்கு ரொம்ப நாளாகவே தெரிந்ததுதான்.

இப்போது எங்கள் நூலகத்தில் இரண்டு விஷயங்கள் பாக்கி இருக்கின்றன. ஒன்று, முகவரிச் சான்று. அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கும் வேலை தேடி வந்து தங்கியிருப்பவர்களுக்கும் அது இருப்பதில்லை. பிள்ளை படிக்கிற பள்ளியின் கையெழுத்தையே சான்றாக ஏற்கலாம் என்று நூலகர் எழுதிக் கேட்டிருக்கிறார். மற்றொன்று நேரம். பெற்றோர் வேலை முடிந்து வருவதற்குள் சிறுவர் பகுதியின் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டரை வரை திறந்து வைக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, ஆள் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. புதிதாக ஒரு பெரிய திரை வாங்கிச் சிறுவர் பகுதியில் மாட்டுவதற்கு மட்டும் அனுமதி வந்துவிட்டது. அந்தத் தொகையை மாலை நேரப் பணியாளர் ஒருவருக்கு மாற்றித் தரச் சொல்லி நாங்கள் சிலர் கையெழுத்துப் போட்டு மனு எழுதியிருக்கிறோம். வாசற்படியில் நின்ற அந்த அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவருடைய தெருவிலிருந்து இன்னும் சிலரையும் கூட்டிவந்து போடவைத்திருக்கிறார்.